டைட்டில் பாட்டே காட்டிக்கொடுத்துவிடும்: சிட்காம் பதிப்புகள், ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிட்காம் எனப்படும் டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று குழப்பமா? பெட்டியின் அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், டைட்டில் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். வேகம் கூடியிருக்கிறதா, பாட்டையே மாற்றிவிட்டார்களா, படத்தை மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டிய மூன்றும் அந்த முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும். அமெரிக்க, பிரிட்டிஷ் சிட்காம்களை டிவிடி, ப்ளூ-ரே, ஸ்ட்ரீமிங் என்று எல்லா வழியிலும் பல வருடம் பார்த்ததில் கிடைத்த முடிவு இது. வசனமும் சிரிப்பும் எந்தப் பதிப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் அடி இசைக்குத்தான் விழும்.

முதலில் வேகம். சியர்ஸ், ஃப்ரேசியர், சீன்ஃபெல்ட், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 35 மி.மீ. ஃபிலிமில், விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் எடுக்கப்பட்டவை. பால் (PAL) என்ற டிவி முறையைப் பின்பற்றிய பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் டிவிக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம் வேண்டும். ஃபிலிமை அப்படியே 25ல் ஓட்டிவிடுவதுதான் சுலபமான வழி. அப்படிச் செய்தால் எல்லாம் 4 சதவீதம் வேகமாக ஓடும். 22 நிமிட எபிசோட் 21 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். பேச்சில் இது தெரியவே தெரியாது. பாட்டில் தெரியும், ஏனென்றால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடுகிறது. கணக்காகச் சொன்னால் 70 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரைக் கட்டை. ஆண் குரல் கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும், தாளம் ஏதோ அவசரத்தில் இருக்கும். காரணம் தெரியாதவர்கள் ஸ்பீக்கரைச் சந்தேகப்படுவார்கள்.

இதைச் சோதிக்க, பாட்டின் அதிகாரபூர்வ ரெக்கார்டை ஒரு பக்கமும் டிஸ்க்கை ஒரு பக்கமும் போட்டு முதல் ஸ்வரத்தை ஒப்பிட்டாலே போதும். போனில் இருக்கும் சாதாரண ட்யூனர் ஆப் காட்டிவிடும். ஆனால் ரெக்கார்டில் பாடியவரும் தொடரில் பாடியவரும் ஒரே ஆள்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். த கோல்டன் கேர்ள்ஸ் பாட்டை 1978ல் எழுதிப் பாடி வெளியிட்டவர் ஆண்ட்ரூ கோல்ட். தொடரில் ஒலிப்பது சிண்டி ஃபீயின் குரல். இரண்டையும் வைத்துச் சுருதி பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள். தட் செவன்ட்டீஸ் ஷோவில் முதல் சீசனுக்கு டாட் கிரிஃபின், இரண்டாவது சீசனிலிருந்து சீப் ட்ரிக் குழு. அங்கே சீசன் மாறினாலே பாட்டு மாறிவிடும்.

எல்லா அமெரிக்கத் தொடருக்கும் இந்த வேகக் கோளாறு வராது. ஆல் இன் த ஃபேமிலி, கோல்டன் கேர்ள்ஸ் போன்றவை வீடியோ டேப்பில் எடுத்தவை. அவற்றை பால் முறைக்கு மாற்றும்போது வேகம் மாறாது. அதற்குப் பதில் அசைவில் நிழல் படிந்து மங்கலாகத் தெரியும். பிரிட்டிஷ் தொடர்கள் பிறவியிலேயே 25. ஃபால்ட்டி டவர்ஸை யாராவது "வேகத்தைச் சரிசெய்து" கொடுத்தால் அதுதான் கெட்டுப்போன பிரதி. அந்தக் காலத்து பிபிசி சிட்காம்களில் வீட்டுக்குள் எடுத்த காட்சி டேப்பிலும் வெளியே எடுத்தது 16 மி.மீ. ஃபிலிமிலும் இருக்கும். கதவைத் திறந்து வெளியே வந்ததும் படத்தின் தன்மையே மாறுவது டிஸ்க்கின் குறை இல்லை, எடுத்த விதமே அப்படி.

சரிசெய்ய வேண்டுமானால், ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் ஸ்பீட் எஃபெக்ட்டில் −4.096 சதவீதம் கொடுங்கள். டெம்போ எஃபெக்ட் வேண்டாம், அது சுருதியைத் தொடாமல் நீளத்தை மட்டும் மாற்றும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில பால் டிஸ்க்குகளில் தயாரித்தவர்களே சுருதியை இறக்கிவிட்டு நீளத்தை மட்டும் குறைத்திருப்பார்கள். அவற்றுக்கு டெம்போதான் சரி. அதனால்தான் ட்யூனரில் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. முழு எபிசோடையும் மாற்றுபவர்கள் வீடியோ, ஆடியோ, சப்டைட்டிலை ஒரே ஃபைலாகச் சேர்க்கும் எம்கேவிடூல்நிக்ஸில் வீடியோவுக்கு 24000/1001 ஃப்ரேம் வேகமும் (அதாவது டிஸ்க்கில் 24க்குப் பதில் வரும் 23.976), சப்டைட்டிலுக்கு 25025/24000 என்ற நீட்டிப்பும் கொடுத்தால் போதும். ஆடியோவுக்கு அதே எண்ணைப் போட்டு ஏமாறுபவர்கள் நிறைய. அங்கே நேரக் குறிப்பு மட்டும்தான் நீளும், ஒலி நீளாது, திக்கித் திக்கி ஓடும். ஆடியோவைத் தனியாக எடுத்து, வேகம் குறைத்து, மறுபடி என்கோட் செய்துதான் சேர்க்க வேண்டும். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் இந்தத் தலைவலியே இல்லை.

அடுத்தது உரிமைத் தொகை. இதில் நாம் சரிசெய்ய ஒன்றுமே இல்லை, வாங்கும் முன் விசாரிப்பது ஒன்றுதான் வழி. 1970, 80களில் டிவி ஒளிபரப்புக்கு மட்டும் பாட்டின் உரிமையை வாங்கினார்கள். வீட்டு வீடியோவைப் பற்றி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதவில்லை. டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டிதான் இதற்குப் பெரிய பலி. ஒரு ரேடியோ நிலையத்தைப் பற்றிய கதை, எபிசோட் முழுக்க நிஜ ராக் பாட்டுகள். ஃபிலிமைவிட வீடியோ டேப்புக்குப் பாட்டு உரிமை மலிவு என்பதற்காகவே டேப்பில் எடுத்தார்கள். 2007ல் முதல் சீசன் டிவிடி வந்தபோது பல பாட்டுகள் போய் ஊர் பேர் தெரியாத இசை வந்திருந்தது. பின்னணியில் பாட்டு ஓட மேலே வசனம் பேசிய இடங்களில் குரலையே மறுபடி பதியவோ காட்சியை வெட்டவோ வேண்டியிருந்தது. 2014ல் வந்த முழுத் தொகுப்பில்தான் பெரும்பாலான பாட்டுகள் திரும்பின. பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் பாதித் தொடரைத்தான் வாங்குகிறீர்கள். அதன் முடிவுப் பாட்டில் வார்த்தை புரியவில்லையே என்று யோசிக்க வேண்டாம். மாதிரிக்காக வாய்க்கு வந்ததைப் பாடிய பதிவையே வைத்துக்கொண்டார்கள், அதில் வார்த்தையே கிடையாது.

மேரீட் வித் சில்ட்ரனில் ஃப்ராங்க் சினாட்ராவின் பாட்டுதான் பாதி நகைச்சுவை. அவ்வளவு இனிமையாகப் பாடிவிட்டு அடுத்த விநாடி அந்தக் குடும்பத்தைக் காட்டுவார்கள். அமெரிக்க டிவிடியில் மூன்றாம் சீசனிலிருந்து அந்தக் குரல் இல்லை, அதே சாயலில் ஒரு வாத்திய இசை ஓடுகிறது. ஜோக்கின் முதல் வரியை அழித்துவிட்டுப் பதிலை மட்டும் விற்பதுபோல.

படத்தை வெட்டுவது மூன்றாவது. பழைய டிவியின் 4:3 அளவுப் படத்தை அகலத் திரைக்கு நிரப்ப, உயரத்தில் கால் பங்கைத் தியாகம் செய்ய வேண்டும். 35 மி.மீ. நெகட்டிவில் பக்கவாட்டில் கூடுதல் இடம் இருந்தால் இழப்பு குறையும். 2012 ஃப்ரெண்ட்ஸ் ப்ளூ-ரே அப்படித்தான் அகலமானது. ஆனால் அந்த ஓரங்கள் திரைக்கு வரும் என்று படப்பிடிப்பில் யாரும் நினைக்கவில்லை, எனவே சில காட்சிகளில் நடிகருக்குப் பதில் நிற்கும் ஆள் ஓரத்தில் தெரிகிறார். சீன்ஃபெல்ட் 2021ல் நெட்ஃப்ளிக்ஸுக்கு அகலத் திரையில் வந்தபோது, சாலைக் குழியையே பெயராகக் கொண்ட எபிசோடில் அந்தக் குழி திரைக்குக் கீழே போய்விட்டது. ஃப்ரெண்ட்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க டிவிடியில் ஒளிபரப்பில் வராத கூடுதல் காட்சிகள் இருக்கும், ப்ளூ-ரேயில் ஒளிபரப்பான நீளம் மட்டுமே. படத்துக்கு ஒன்று, வசனத்துக்கு ஒன்று என்று ரசிகர்கள் இரண்டையும் வைத்திருப்பது வீண் செலவு இல்லை.

ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு வகை இழப்பு, அதை நாமே பட்டனை அழுத்தி வரவழைக்கிறோம். டைட்டிலைத் தாண்டும் பட்டன் பல தொடர்களுக்குத் தீங்கில்லை. சிலவற்றுக்குக் கூடாது. சீன்ஃபெல்டில் நிரந்தர டைட்டில் இசை என்று ஒன்றே இல்லை. ஜொனாதன் வுல்ஃப் வாயால் எழுப்பிய ஒலிகளையும் கீபோர்டில் வாசித்த ஸ்லாப் பேஸையும் (பேஸ் கிதாரின் தந்தியை அடித்து எழுப்பும் ஒலி) வைத்து, ஒவ்வொரு எபிசோடிலும் ஜெர்ரியின் மேடைப் பேச்சுக்குத் தகுந்த மாதிரி இடம் விட்டு இடம் நிரப்பினார். ஃப்ரெண்ட்ஸ் ஆறாம் சீசனின் முதல் எபிசோடில் கோர்ட்னி காக்ஸ் டேவிட் ஆர்க்கெட்டை மணந்ததை வைத்து எல்லா நடிகர் பெயருக்குப் பின்னாலும் ஆர்க்கெட் என்று சேர்த்திருப்பார்கள். தாண்டினால் போச்சு. கில்லிகன்ஸ் ஐலண்ட் முதல் சீசன் பாட்டில் இரண்டு பாத்திரங்களைப் பெயர் சொல்லாமல் "மற்றவர்களும்" என்று தள்ளிவிட்டு, இரண்டாவது சீசனில்தான் பெயரைச் சேர்த்தார்கள்.

முடிவுப் பாட்டின் நிலை இன்னும் மோசம். ஃப்ரேசியரின் டைட்டில் சில விநாடிகளில் முடியும் ஒரு கோட்டுச் சித்திரம். கெல்சி கிராமர் பாடும் பாட்டு கடைசியில்தான் வரும், அதன் கூடவே வசனமில்லாத ஒரு சின்னக் காட்சி ஓடும். அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதி இரண்டையும் விழுங்கிவிடும். ரெட் ட்வார்ஃபில் பாடல் வரியோடு ஜென்னா ரஸ்ஸல் பாடுவதும் முடிவில்தான். அதற்கு இசையமைத்த ஹவர்ட் குட்டாலே இசையமைத்த மிஸ்டர் பீனில் லத்தீன் கூட்டுப்பாடல் தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் விடைகொடுக்க ஒரு வரி. எனவே கணக்கின் செட்டிங்ஸுக்குப் போய் ஆட்டோப்ளேயை அணைப்பது முதல் வேலை. பல சேவைகளில் இதை ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும்.

சொந்த டிஸ்க்கிலிருந்து பாட்டைப் பிரித்து வைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிவிடியில் இருக்கும் ஏசி3 வகை ஆடியோவை மறுபடி என்கோட் செய்யாமல் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் அப்படியே வெட்டலாம். அந்த ஆடியோவின் ஒரு ஃப்ரேம் 32 மில்லிவிநாடி என்பதால் வெட்டு அந்த அளவுக்கு முன்பின் நகரும். காதுக்கு அது போதும். உண்மையான தொல்லை சிரிப்பொலி. டைட்டிலுக்கு முன் வரும் முன்காட்சியின் கடைசி ஜோக்குக்கு எழும் சிரிப்பு பாட்டின் முதல் விநாடிகள்மேல் படிந்திருக்கும். நாலைந்து எபிசோடில் தொடக்கத்தைக் கேட்டு, ஜோக் இல்லாமல் அமைதியாக முடியும் முன்காட்சி எதுவோ அதிலிருந்து எடுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுச் சிரிப்பை நீக்க முயன்றால் கிதார் தண்ணீருக்குள் வாசித்ததுபோல் ஆகிவிடும். டிவி வடிவம் ஒரு நிமிடத்துக்குள், முழுப் பாட்டு மூன்று நிமிடம் என்றால் இரண்டையும் தனித்தனி ஃபைலாக வையுங்கள். ஃப்ரெண்ட்ஸ் பாட்டு முதலில் டிவிக்கான குட்டி வடிவம்தான். ரேடியோவில் கேட்பவர்கள் பெருகிய பிறகுதான் த ரெம்ப்ராண்ட்ஸ் மீதியைச் சேர்த்துப் பதிந்தார்கள். அதனால் சேர்த்த பகுதிக்கும் பழைய பகுதிக்கும் மனநிலையே கொஞ்சம் வேறு.

ஒலி அளவு தொடருக்குத் தொடர் தாறுமாறாக இருக்கும். ஃபைலின் ஒலியையே ஏற்றி இறக்காமல் எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்று குறிக்கும் ரீப்ளேகெய்ன் டேக் மட்டும் போட்டால், பிளேயர் பார்த்துக்கொள்ளும், மூலம் கெடாது. சொந்த வீடியோக்களை வீட்டில் ஸ்ட்ரீம் செய்ய உதவும் ஜெல்லிஃபினில் தொடரின் முதன்மை ஃபோல்டரிலேயே, சீசன் ஃபோல்டருக்குள் அல்ல, theme என்ற ஆங்கிலப் பெயரில் எம்பி3 ஒன்றைப் போட்டுவிட்டு டிஸ்ப்ளே செட்டிங்கில் தீம் பாடல்களை ஆன் செய்தால், அந்தத் தொடரின் பக்கத்தைத் திறந்ததும் பாட்டு ஓடும். இதற்கு டிவி வடிவத்தைத்தான் வைக்க வேண்டும், கடைசி இரண்டு விநாடிக்கு ஃபேட் கொடுத்து. முழு வடிவத்தை வைத்தால் எபிசோட் பெயர் தேடி முடிவதற்குள் இரண்டாவது சரணத்துக்குப் போய்விடும், சிட்காம் பார்க்க வந்தவருக்கு அது அந்நியமாக ஒலிக்கும்.