வரி ரசீதில் இன்னும் பாட்டையாதான்

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரில் வந்தால் இரண்டு மணி நேரத்தில் எங்கள் ஊர். காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி, பெயர் வேண்டாம். பத்து நாள் லீவில் நான் வந்தது ஒரே வேலைக்கு. பூர்வீக வீட்டுச் சொத்து வரியைப் பெயர் மாற்ற வேண்டும்.

சிக்கல் வாசலிலேயே ஆரம்பித்தது. செட்டிநாட்டு வீடு தெரியுமே, முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்பைப் பூட்டிப் பல வருஷமாகிறது, குடியிருக்கும் ஆச்சி பின்வாசலைத்தான் புழங்குகிறார். யாரோ ஒரு காலத்தில் அந்தக் கதவுக்கும் தனியாக வரி எண் போட்டுவிட்டார்கள் போல, கம்ப்யூட்டரில் ஒரே வீடு இரண்டு வீடாக நிற்கிறது, இரண்டாவதில் நாலு வருஷ பாக்கி வேறு.

"அண்ணே, இது ரெண்டு வீடா, ஒரு வீடா?" என்றார் அலுவலகத்துத் தம்பி. வந்து பாருங்கள் என்றேன். மறுநாளே பைக்கில் வந்தார். திண்ணை ஏறி உள்ளே நுழைந்தவர், முற்றத்தில் கொஞ்சம் நின்று ஆத்தங்குடிக் கல்லைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, நேரே நடந்து அடுத்த தெருவில் வெளியே வந்து இரண்டு கதவையும் போனில் படமெடுத்துக்கொண்டார். அந்தச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. இதையே நான் மூன்று வருஷமாக இமெயிலில் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பதில் கிடையாது.

வரித் தொகையும் சின்னதில்லை. 2022-இல் உயர்த்தியபோது 1800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு நூறு சதவீதம் ஏற்றினார்கள். இங்கே முற்றத்தையும் தாழ்வாரத்தையும் அளந்தாலே அதைத் தாண்டிவிடும், ஆனால் குடியிருப்பது ஒரே ஒரு ஆச்சி. அரையாண்டுக்கு ஒரு தடவை கட்ட வேண்டும், இணையத்திலேயே கட்டலாம் என்பது ஒரு நிம்மதி.

பெயர் மாற்றம்தான் நகரவில்லை. பேரூராட்சியில் செயல் அலுவலர் இருக்கிறார், தலைவர் இருக்கிறார், வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். 2016 கடைசியிலிருந்து 2022 வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டதற்கு இப்போது எவ்வளவோ தேவலை, கேள்வி கேட்க உள்ளூரில் ஒரு முகமாவது இருக்கிறது. ஆனால் வாரிசுச் சான்றிதழ் தாலுகா ஆபீஸில், பட்டாவும் அங்கேதான். தாலுகாவுக்குப் போனால், பாட்டையா பெயரிலுள்ள பத்திரத்தில் "இராமநாதபுரம் ஜில்லா" என்றிருக்கிறது. சிவகங்கை 1985-இல்தான் தனி மாவட்டமானது என்பதால் அது இயல்புதான், அவர்களுக்கும் புரிகிறது. அதை வைத்து யாரும் திருப்பி அனுப்பவில்லை. மாட்டிக்கொண்டது பங்காளிகள் விஷயத்தில். ஒன்பது பேர் கையெழுத்து வேண்டும். பினாங்கில் இரண்டு பேர், சென்னையில் நாலு பேர், ஹூஸ்டனில் ஒருவர், மீதி இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இதற்கு எந்த ஆபீஸைத் திட்டுவது?

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு என்று பெரிதாக எதுவும் இல்லாத செம்மண் பூமி இது. ஓட்டில் விழுகிற மழையை முற்றத்தில் பிடித்து, மிச்சத்தைத் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அதுவும் பேரூராட்சி என்ற பேச்சே இல்லாத காலத்தில். இப்போது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாயில் காவிரி வருகிறது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் என்று சொல்வார்கள், அத்தனை நூற்றாண்டு கழித்துக் காவிரி தேடிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள். ஆச்சி அதைச் சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார். எங்கள் தெருக் கால்வாயில் பாதியைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டதால் ஊருணிக்கு வரத்து குறைந்துபோச்சு. தலைவரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். அடுத்த மழைக்கு முன்னால் ஆச்சியிடம் போனில் கேட்க வேண்டும்.

கிளம்பும் நாள் காலையில் வீட்டு வரியைக் கட்டினேன். ரசீது சுடச்சுட அச்சாகி வந்தது, பாட்டையா பெயரில், பழைய இனிஷியல் நாலும் அப்படியே.