தேக்கா மார்க்கெட்: கட்டாயம் போங்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வீடு பார்த்து முடித்த கையோடு கேட்பது, நம்மூர்ச் சாமான் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்றுதான். இப்போது எந்த வட்டாரத்தில் குடியிருந்தாலும் வீட்டுக்குக் கீழே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டிலேயே தோசை மாவும் சாம்பார் பொடியும் வந்துவிட்டன, கைப்பேசியில் தட்டினால் முருங்கைக்காய் வாசலுக்கே வருகிறது. இருந்தும் நான் செங்காங்கிலிருந்து ரயில் ஏறி தேக்காவுக்குத்தான் போகிறேன், கேட்கிறவர்களையும் அங்கேதான் அனுப்புகிறேன். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், குறைகளையும் சேர்த்து.

இடம் தெரியாதவர்களுக்கு: சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் முனையில், லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பழைய மார்க்கெட் 1915இல் சாலைக்கு எதிர்ப்பக்கம் வந்தது. இப்போதைய கட்டடம் 1982இல் திறந்தது, அப்போது ஜூஜியாவ் நிலையம் என்று பெயர், 2000இல்தான் தேக்கா நிலையம் ஆனது. தரைத்தளத்தில் ஒரு பக்கம் மீன், கறி, காய்கறி விற்கும் ஈரச்சந்தை, மறுபக்கம் உணவங்காடி. மாடியில் புடவைக் கடை, சுரிதார் கடை, தையல்காரர்கள். தீபாவளி நெருக்கத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் சொன்ன தேதிக்குக் கிடைக்காது, ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

மீன் பகுதியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தேக்காவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நான் பட்டுக்கோட்டைக்காரி. மல்லிப்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் இறங்கும் மீனைச் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு பிளாஸ்டிக் தட்டில் போட்டு ஒட்டி, பார்கோடு குத்தி வைத்த மீன் துண்டத்தைப் பார்த்தால் கை நீளாது. அது எப்போது பிடித்தது, கண் எப்படி இருந்தது, செவுள் சிவப்பா பழுப்பா, ஒன்றும் தெரியாது. தேக்காவில் வஞ்சிரம், வவ்வால், காலா, கொடுவா, திருக்கை, நெத்திலி, நண்டு எல்லாம் முழுசாக ஐஸ் மேல் படுத்திருக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், வயிற்றை அமுக்கிப் பார்க்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெயர்கள் பெரும்பாலும் மலாயில்தான் காதில் விழும், தேங்கிரி என்றால் நம் வஞ்சிரம், பாவால் என்றால் வவ்வால். தெரியாவிட்டால் கையைக் காட்டினால் போதும்.

நான் வழக்கமாக வாங்குவது ஒரு சீனப் பெரியவரிடம். "என்ன வேணும் ஆண்ட்டி? கொழம்பா, பொரிக்கவா?" என்று தமிழிலேயே கேட்பார். குழம்பு என்று சொன்னால் தலையைப் பிளந்து, நடுத்துண்டைக் கனமாக வெட்டி, வால்பக்கத்தைத் தனியாக வைப்பார். பொரிக்க என்றால் விரல் கனத்துக்கு வட்டமாக. முட்டை இருந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார், வேண்டும் என்று தலையாட்டினால் தனிப் பையில் போடுவார். பல வருஷம் தமிழ்ப் பெண்களுக்கு மீன் வெட்டிய கை அது, எந்தத் துண்டு எந்தச் சட்டிக்கு என்று அதற்கே தெரியும். அம்மா வீடியோவில் வரும்போது மீனைக் காட்டுவேன். "கண்ணு தெளிவா இருக்கு, நல்லாத்தான் வாங்கியிருக்க" என்று அவர் சொல்லிவிட்டால் எனக்கு அன்றைய நாள் சரியாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, சந்தையில் நல்ல மீன் அபூர்வம், விலையும் தலைக்கு மேல். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான், அதில் போட மாங்காயும் அந்த நேரத்தில்தான் மரத்தில் தொங்கும். தடை முடிந்து முதல் மீன் வரும் அன்று தெருவுக்கே மணக்கும். தேக்காவில் எந்த மாதம் போனாலும் எல்லா மீனும் உண்டு. சிங்கப்பூர் தனக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து கொண்டு வருகிறது. ஒரு நாட்டில் இல்லாவிட்டால் இன்னொரு நாட்டிலிருந்து வரும். வெயிலும் வருஷம் முழுக்க ஒரே மாதிரிதான், திடீர் மழையும் அப்படியே. எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்குத் தெரியும், சமைத்துப் போடுகிறவள் நான். ஆனாலும் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊர்ச் சாப்பாட்டின் ருசி வரவில்லை என்று குறைப்படும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். மசாலாவிலும் புளியிலும் பெரிய குறை ஒன்றும் இல்லை. அந்தக் குழம்புக்கு முன்னால் இருந்த இரண்டு மாதப் பட்டினி இங்கே இல்லை. அதை எந்தக் கடையும் விற்காது, தேக்காவும்தான்.

ஆட்டுக்கறி வாங்க வருகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே தொங்குவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் செம்மறி. நம்மூர் வெள்ளாட்டின் ருசியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், கொழுப்பு கூடுதல், வாசனையும் வேறு. மிளகும் சோம்பும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, நன்றாக வதக்கி, குக்கரில் விட்டால் அருமையாக வரும். எலும்போடு வெட்டித் தரச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சதையாகவே போட்டுவிடுவார்கள்.

தேங்காய்க் கடை எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய விஷயம். மட்டை உரித்த தேங்காயை நம் கண் முன்னாலேயே உடைத்து, இயந்திரத்தில் துருவி, பூவாகவே பையில் போட்டுத் தருவார்கள், பால் வேண்டுமென்றாலும் கிடைக்கும். அந்த வாசனை வரும் இடத்தில் நான் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்பேன். எங்கள் பக்கம் முழுக்கத் தென்னைதான். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது தோப்பு தோப்பாக மரம் சாய்ந்து கிடந்ததை நான் இங்கிருந்து கைப்பேசியில்தான் பார்த்தேன். அப்பா வைத்த மரங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. அந்த வாரம் ஊருக்குப் பேசினால் லைன் கிடைக்கவில்லை, மின்சாரம் இல்லை, கைப்பேசிக்குச் சார்ஜ் போட வழியில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இருக்கும் உண்மையான கஷ்டம் அது. இட்லி கிடைக்காதது எல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. தேங்காய் வாங்கப் போனபோது கடைக்கார அண்ணன், "அக்கா, உங்க ஊர்ப் பக்கம்தானே புயலு? வீட்ல எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டார். என் அலுவலகத்தில் அப்படி ஒரு புயல் வந்ததே யாருக்கும் தெரியாது, அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்காகவே நான் அந்தக் கடையை மாற்றவில்லை.

காய்கறிக்கு மார்க்கெட் உள்ளேயும் வாங்கலாம், பக்கத்தில் இருக்கும் பஃப்ளோ சாலைக் கடைகளிலும் வாங்கலாம். எனக்குப் பிடித்தது பஃப்ளோ சாலை. அவரை, கொத்தவரங்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, பச்சை மொச்சை, மணத்தக்காளிக் கீரை என்று சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கவே முடியாதவை கிடைக்கும். வாழை இலையும் கட்டிய மல்லிகைப் பூவும் அங்கேதான். திருச்சியிலிருந்து வரும் விமானங்களில் ஆட்களோடு சேர்ந்து காயும் பூவும்கூட ஏறி வருகின்றன. சாமான் வாங்கி முடித்ததும் சில கடைகளில் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் சொருகிவிடுவார்கள். அதே கறிவேப்பிலை எங்கள் வட்டாரக் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் விலை ஒட்டி இருக்கும், நாமே இயந்திரத்தில் காட்டி, நாமே அட்டையைத் தட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான், அவசரத்துக்கு நானும் அங்கேதான் ஓடுகிறேன். ஆனால் இந்த ஊரில் அப்படியே ஒரு வாரம் முழுக்க வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் தமிழில் பேசாமல் ஓட்டிவிட முடியும். தமிழ் இங்கே ஆட்சிமொழி, ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. எழுத்தைத் தினமும் பார்க்கிறோம், விலை கேட்டு, குறைத்துக் கேட்டு, "போன வாரம் வாங்கினது முத்தல்ண்ணே" என்று உரிமையோடு சண்டை போடும் தமிழுக்குத் தேக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

விலை? கூடுதல்தான். ஊர் விலையோடு கணக்குப் போட ஆரம்பித்தால் எதையும் வாங்க முடியாது. இந்தியாவில் ஒரு அறிவிப்பு வந்தால் தேக்காவில் உடனே தெரியும். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது, பிறகு சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுமதித்தார்கள். அதே டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை, அடுத்த மே மாதம் வரை. இப்படிப்பட்ட நேரங்களில் கடைக்காரர்களைத் திட்டாதீர்கள், அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

திட்ட வேண்டியதும் உண்டு. ஒரு கடையில் முன்கூட்டியே கட்டி வைத்த சின்ன வெங்காயப் பையை வாங்கிவந்து பார்த்தால் மேலே பளபளப்பு, அடியில் பாதி அழுகல். திரும்பக் கொண்டுபோனபோது மாற்றித் தரவில்லை. அதனால் கட்டி வைத்த எதையும் வாங்காதீர்கள், பொறுக்கி எடுக்க விடுகிற கடையில் மட்டும் வாங்குங்கள். மீன் பகுதியில் தரை ஈரமாக இருக்கும், 2023இல் சில மாதம் மூடிப் புதுப்பித்த பிறகு நிலைமை பரவாயில்லை என்றாலும் வழுக்காத செருப்பு அவசியம். வயதானவர்களைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்தம் வாரக்கடைசியில் நரகம். குளிர்சாதனம் கிடையாது, பத்து மணிக்கு மேல் வேர்த்துக் கொட்டும்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அலாவுதீன் பிரியாணி நன்றாக இருக்கிறது, டால்ச்சாவோடு சாப்பிட வேண்டும், சீரகச் சம்பா பிரியாணியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது நீளமான அரிசி, இந்த ஊர்ப் பக்குவம். தே தாரிக் என்கிற, நுரை வர ஆற்றிய பால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் மலாய்க் குடும்பம், சீனத் தாத்தா, பங்களாதேஷ் தொழிலாளி, ராமநாதபுரத்துத் தம்பி எல்லாரும் ஒரே மேசையில் மாறி மாறி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஊர்ச் சந்தையைத் தேடிக்கொண்டு வந்த எனக்குத் தேக்கா வேறொரு இடமாகவே பிடித்துப்போனது இந்த மேசையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் கட்டுமானத் தொழிலாளர்கள் வருவார்கள், சாலை நிரம்பி வழியும். வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். ஊருக்குப் பணம் அனுப்ப, முடி வெட்ட, ஊர்க்காரனைப் பார்க்க, புல்லில் உட்கார்ந்து பிள்ளையோடு வீடியோவில் பேச எல்லாவற்றுக்கும் அந்தச் சில மணி நேரம். கூட்டமாக இருக்கிறது என்று முகம் சுளிக்கிற நம் ஆட்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நமக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் இருக்கிறது.

திங்கட்கிழமை பல மீன் கடைகளும் கறிக் கடைகளும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போனால் மீன் புதுசு, கூட்டம் குறைவு, கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல கடைகளில் கைப்பேசியில் கட்டலாம் என்றாலும் எல்லா இடத்திலும் இல்லை. சக்கரம் வைத்த பை எடுத்துப் போங்கள். மீனைக் கடைசியாக வாங்குங்கள், ரயிலில் தூரம் போக வேண்டும் என்று சொன்னால் கேட்காமலேயே இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டு, பையை இரண்டு முடிச்சாகப் போட்டுத் தருவார்கள்.