ஜீரோ ஹவர்ஸ் கேர் வேலையில் ஒழுங்கு நடவடிக்கை: விலகுவதா, ஒதுங்குவதா, விசாரணைக்குப் போவதா?

இங்கிலாந்தில் முதியோரையும் உடல்நலம் குன்றியோரையும் கவனிக்கும் கேர் வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தத்தில், அதாவது இத்தனை மணி நேரம் வேலை தருவோம் என்ற உறுதி இல்லாத ஒப்பந்தத்தில், இருக்கிறார். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த நம்மவர்களும் இதில் இருக்கிறார்கள். புகார் ஒன்று கிளம்பினால் இவர்கள் முன்னால் மூன்று வழிகள் தெரியும். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம். ஷிஃப்ட் வராமல் போனால் போகட்டும் என்று சத்தமில்லாமல் வேறு ஏஜென்சிக்கு மாறலாம். இல்லையென்றால் ஹியரிங்குக்கு, அதாவது புகார் பற்றி நிறுவனம் முடிவெடுக்கும் கூட்டத்துக்கு, போய்ப் பதில் சொல்லலாம்.

முதல் இரண்டும் சுலபமாகத் தெரிகின்றன. பெரும்பாலானோருக்கு மூன்றாவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். காலை 7 மணி விசிட். பாட்டிக்கு மாத்திரை கொடுத்தாயிற்று, மருந்துச் சார்ட்டில் கையெழுத்துப் போட மறந்தாயிற்று. அடுத்து வந்தவர் மாத்திரை கொடுக்கப்படவில்லை என்று நினைத்து மறுபடியும் கொடுத்துவிட்டார். மறுநாள் ஆபீஸிலிருந்து போன்: “விசாரணை முடியும்வரை ஷிஃப்ட் கிடையாது.” கேட்டவுடன் கை நடுங்கும். “நானே விலகிக்கொள்கிறேன்” என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம்.

முடியாது. கேர் வேலையை மற்ற வேலைகளிலிருந்து பிரிக்கும் இடம் இதுதான். 2006ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவர் பராமரிப்பில் இருப்பவருக்குத் தீங்கு செய்தார் அல்லது செய்யக்கூடும் என்று கருதி நிறுவனம் அவரை அந்த வேலையிலிருந்து நீக்கினால், டிபிஎஸ்ஸுக்கு (பணியாளர்களின் பின்னணியைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் தடை செய்யும் அரசு அமைப்பு) தெரிவித்தே ஆக வேண்டும். அவர் தானாகவே விலகியிருந்தாலும், விலகாவிட்டால் நீக்கியிருப்போம் என்ற நிலை இருந்தால், கடமை அப்படியேதான் இருக்கிறது. கேர் வேலையிலிருந்து ஒருவரைத் தடை செய்ய டிபிஎஸ் யோசித்தால், காரணங்களை எழுதி அனுப்பி, பதில் சொல்ல 8 வாரம் தரும். அப்போது அவர்கள் கையில் இருக்கும் கோப்பில் நிறுவனம் எழுதியது எல்லாம் இருக்கும். ஹியரிங்குக்குப் போகாதவரின் விளக்கம் ஒரு வரிகூட அதில் இருக்காது. கையெழுத்துத்தான் விட்டுப்போனது, மாத்திரை கொடுத்தேன் என்பதை மாதங்கள் கழித்து யாரிடம் நிரூபிப்பது?

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கேர் பணியாளர்களுக்கெனப் பதிவு அமைப்புகளும் உண்டு. அங்கே பதிவு செய்தவர் விலகினாலும் அந்த அமைப்பின் விசாரணை தொடரலாம். அத்துடன், புதிய கேர் நிறுவனம் முந்தைய கேர் வேலையில் உங்கள் நடத்தை எப்படி என்று விசாரிக்க வேண்டியது விதி. “விசாரணை நடக்கும்போது விலகினார்” என்ற ஒரு வரி ரெஃபரன்ஸில் வந்தால் போதும், அடுத்த வேலை கையை விட்டுப் போகலாம்.

சரி, ராஜினாமா எப்போதுமே தவறா? இல்லை. புகார் யாருக்கும் தீங்கு நேர்ந்தது பற்றியதல்ல, தாமதமாக வந்தது போன்ற சங்கதிதான். கையில் வேறு வேலை இருக்கிறது. விசா சிக்கலும் இல்லை என்றால் விலகுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் ரெஃபரன்ஸில் என்ன எழுதுவார்கள் என்பதைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு விலகுங்கள்.

இரண்டாவது வழியைப் பலர் தேர்ந்தெடுப்பதுகூட இல்லை, அதில் தள்ளப்படுகிறார்கள். கடிதம் வராது. ரோட்டாவில் (ஷிஃப்ட் பட்டியலில்) பெயர் மட்டும் காணாமல் போகும். கோஆர்டினேட்டரிடம் கேட்டால் “இந்த வாரம் வேலை குறைவு” என்பார். வேலை போய்விட்டதா இருக்கிறதா என்றே தெரியாத இந்த நிலை மூன்றிலும் மோசமானது. வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடும் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதும் குழம்பிவிடும். அதனால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நான் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருக்கிறேனா? என்ன புகார்? இந்தக் காலத்துக்குச் சம்பளம் உண்டா?

சம்பளக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஜீரோ ஹவர்ஸ் என்பதால் சஸ்பென்ஷனில் ஒரு பைசாவும் கிடையாது என்று சொல்வது எப்போதும் சரியல்ல. ஜீரோ ஹவர்ஸில் இருந்த ஓர் உணவக ஊழியரின் வழக்கில், சஸ்பெண்ட் செய்யப்பட்ட காலத்துக்கு அவர் முன்பு வாங்கிய சராசரிச் சம்பளம் சேர வேண்டும் என்றே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பார்த்தது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம், அதைத் தேடி எடுங்கள். அதற்கிடையில் வேறு இடத்தில் வேலை பார்க்கத் தடை போடும் நிபந்தனை ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தத்தில் 2015 மே முதல் செல்லாது.

ஸ்பான்சர் விசாவில், அதாவது வேலை தரும் நிறுவனத்தின் பொறுப்பில் கிடைத்த விசாவில், இருப்பவர்களுக்கு இந்த மௌனம் இன்னும் ஆபத்து. விதிப்படி அவர்களுக்கு உறுதியான சம்பளம் இருக்க வேண்டும், ஜீரோ ஹவர்ஸ் போல நடத்தவே கூடாது. விதிவிலக்கான காரணங்கள் இல்லாமல் ஓர் ஆண்டில் 4 வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தால் ஸ்பான்சர்ஷிப்பே கேள்விக்குள்ளாகும். விலகினாலும் நீக்கப்பட்டாலும் நிறுவனம் 10 வேலை நாளுக்குள் உள்துறை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். அதன்பின், வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளவோ நாட்டை விட்டுப் போகவோ வழக்கமாக 60 நாள் அவகாசம் தரும் கடிதம் வரும். ஆக, ராஜினாமா விசாவைக் காப்பாற்றாது.

இனி ஹியரிங். எச்சரிக்கையோ அதைவிடப் பெரிய நடவடிக்கையோ வரக்கூடிய ஹியரிங்குக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகும் உரிமையை 1999ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. இது ‘எம்ப்ளாயி’க்கு (சட்டப்படி முழு வேலை உரிமைகள் உள்ளவர்) மட்டுமல்ல, ‘வொர்க்கர்’ (அதைவிடக் குறைந்த உரிமைகள் உள்ளவர்) என்ற தகுதியில் இருப்பவர்களுக்கும், ஏஜென்சிப் பணியாளர்களுக்கும் உண்டு. துணைக்கு வருபவர் உங்களுடன் வேலை செய்பவராகவோ யூனியன் பிரதிநிதியாகவோ இருக்கலாம். அவர் உங்கள் தரப்பை எடுத்துச் சொல்லலாம், இடையில் உங்களோடு தனியாகக் கலந்து பேசலாம். உங்களிடம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடியாது. அவருக்கு அன்று தோதுப்படாவிட்டால் 5 வேலை நாளுக்குள் வேறு தேதி கேட்கலாம். பல யூனியன்கள் சேருவதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினையை எடுப்பதில்லை. புகார் எதுவும் இல்லாத இன்றே சேர்ந்துவிடுவது நல்லது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹியரிங்குக்கு முன் நடக்கும் விசாரணைப் பேச்சுக்கு இந்தத் துணை உரிமை சட்டப்படி இல்லை. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். பயத்தில், மரியாதைக்காக, போனிலேயே “சாரி, என் தப்புத்தான்” என்று சொல்லிவிடுகிறோம். அந்த ‘சாரி’ ஒப்புதலாகக் குறிப்பில் ஏறிவிடும். கேள்விகளை எழுத்தில் கேளுங்கள், சார்ட்டின் நகலைக் கேளுங்கள், பேச்சு முடிந்ததும் நீங்கள் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களைத் தரும்படி தனியாக விண்ணப்பிக்கலாம். கட்டணமில்லை, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஹியரிங்கில் தோற்றாலும் வேலைநீக்க வழக்குக்கு வாய்ப்பு உண்டா? நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு வழக்குப் போட எம்ப்ளாயியாக இருக்க வேண்டும், 2 ஆண்டு தொடர் பணியும் வேண்டும். 2025இல் நிறைவேறிய சட்டத்தால் 2027 ஜனவரி முதல் அது 6 மாதமாகக் குறைகிறது. ஜீரோ ஹவர்ஸ் என்ற பெயரைப் பார்த்து நான் எம்ப்ளாயி இல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒருவருக்கு 24 மணி நேரமும் பராமரிப்புத் தந்த ஜீரோ ஹவர்ஸ் பணியாளர்களை எம்ப்ளாயிகளாகவே ஏற்ற முடிவை 2012இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. வாராவாரம் அதே வீடு, அதே ரோட்டா என்று நடந்ததைக் காகிதத்தைவிடப் பெரிதாகப் பார்த்தார்கள். பாகுபாடு காரணமாக நடவடிக்கை எடுத்தாலோ, கேர் ஹோமில் நடக்கும் தவறை வெளியே சொன்னதற்காகப் பழிவாங்கினாலோ, இத்தனை ஆண்டு பணி என்ற நிபந்தனையே கிடையாது; வொர்க்கருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. யூனிசன் என்ற தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு தீர்ப்பாயத்தில் கட்டணமும் இல்லை.

நீக்கிவிட்டார்கள் என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருக்கும்போது கெடு நிற்பதில்லை. வேலை போன தேதியிலிருந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதுதான் பழகிய கணக்கு. புதிய சட்டம் இதை 6 மாதமாக நீட்டுகிறது என்றாலும், உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்று உறுதியாகும்வரை 3 மாதத்தையே கணக்கில் வையுங்கள். வழக்குக்கு முன் ஏகாஸ் என்ற, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் அமைப்பிடம் சமரச முயற்சிக்குப் பதிவு செய்தாக வேண்டும். அவர்களுடைய ஆலோசனை எண் 0300 123 1100, பேசுவதற்கு வக்கீல் தேவையில்லை.