எச்எம்ஆர்சி: மொபைல் ஆப்புக்கு 4 ஸ்டார், போனுக்கு 1

பிரிட்டனில் சொந்தமாகத் தொழில் செய்பவர், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் என யாராக இருந்தாலும் அந்த நாட்டு வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் போய்த்தான் ஆகவேண்டும். சாப்பாடு சரியில்லை என்றால் பக்கத்து ஹோட்டலுக்குப் போகலாம், வரித்துறைக்கு ஏது பக்கத்துக் கடை? இருந்தாலும் அதன் தலைவர் ஜிம் ஹாரா 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றுவிட்டார், ஐந்தரை வருஷம் அவர் கையில் இருந்த சேவைக்கு மார்க் போட வேண்டாமா?

முதலில் ஆளைப் பற்றி. அவருக்கு முன்னால் இருந்த லின் ஹோமர் எல்லைக் காவல் துறையைப் பார்த்துவிட்டு வந்தவர், ஜான் தாம்ப்சன் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து வந்தவர். ஹாரா அப்படியில்லை. பெல்ஃபாஸ்டில் சட்டம் படித்துவிட்டு 1984இல் வரி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர், படிப்படியாக ஏறி 2019 அக்டோபரில் உச்சிக்கு வந்தார். வரிச் சட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த தலைவர்.

அது எங்கே உதவியது என்றால், கொரோனாவில். வேலை நின்றுபோன ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசே தரும் ஃபர்லோ திட்டத்தை 2020 மார்ச் 20 அன்று அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் அறிவித்தார், சரியாக ஒரு மாதத்தில் ஏப்ரல் 20 அன்று தளம் திறந்தது, முதல் நாளே சுமார் 1,40,000 நிறுவனங்கள் விண்ணப்பித்தன, தளம் படுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கக் கம்ப்யூட்டர் வேலை இவ்வளவு சுத்தமாக நடக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை. முடியும்போது 1 கோடியே 17 லட்சம் வேலைகளுக்குப் பணம் போயிருந்தது, செலவு சுமார் 7,000 கோடி பவுண்டு. அதில் மோசடியும் தவறான கிளெய்மும் கணிசம், மறைப்பதற்கில்லை. ஆனால் நிறையக் கடைகளும் உணவகங்களும் அந்தப் பணத்தில்தான் மூச்சு விட்டன.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதே வருஷம் ஆகஸ்டில் திங்கள் முதல் புதன் வரை வெளியே சாப்பிட்டால் பாதி விலை, தலைக்கு 10 பவுண்டு வரை தள்ளுபடி என்று ஒரு திட்டம் வந்ததே, அதற்கு ஹாரா சும்மா தலையாட்டவில்லை. செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது, எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று அமைச்சரிடம் கேட்டு வாங்கிய பிறகுதான் செய்தார். அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இப்போது போன். இங்கேதான் எனக்குக் கோபம். 2022-23இல் மக்கள் லைனில் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் 798 வருஷம் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொன்னது. அடுத்த வருஷம் சராசரிக் காத்திருப்பு கிட்டத்தட்ட 23 நிமிஷம், 70 நிமிஷம் காத்திருந்த பிறகு லைனைத் துண்டித்தது மட்டும் சுமார் 44,000 பேருக்கு. 2024 மார்ச்சில் செல்ஃப் அசெஸ்மென்ட் (வரிக் கணக்கைத் தாங்களே தாக்கல் செய்பவர்களுக்கானது) ஹெல்ப்லைனை வருஷத்தில் ஆறு மாதம் மூடப்போகிறோம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே வாபஸ் வாங்கினார்கள். ஆன்லைனுக்குத் தள்ளுவதற்காக வேண்டுமென்றே போன் சேவையை மோசமாக்குகிறீர்களா என்று நாடாளுமன்றக் குழுவே கேட்டது. ஆதாரமில்லாத குற்றச்சாட்டு என்று துறை மறுத்தது. வேண்டுமென்றே செய்ததோ இல்லையோ, காதில் ரிசீவரோடு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வித்தியாசம்? வயதானவர், ஆங்கிலம் தடுமாறுபவர், சிக்கலான கேஸ் உள்ளவர், இவர்களெல்லாம் வெப்சைட்டைப் பார்த்துக்கொள் என்றால் எங்கே போவார்கள்?

நேர்மையாகச் சொன்னால் ஆப் நன்றாக இருக்கிறது. டாக்ஸ் கோடு (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று காட்டும் குறியீடு), நேஷனல் இன்சூரன்ஸ் எண், யுடிஆர் என்ற வரி அடையாள எண் எல்லாம் ஒரே இடத்தில், கட்ட வேண்டிய தொகையை அதிலேயே கட்டலாம். சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு இது போதும், அவர் போனைத் தொடவே வேண்டியதில்லை.

மொத்தத்தில் 5க்கு 3. கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் ஹாராவின் எச்எம்ஆர்சி பிரமாதமாகச் செய்தது, மனிதரோடு பேச வேண்டிய இடத்தில் கோட்டை விட்டது. அடுத்து வந்திருக்கும் ஜான்-பால் மார்க்ஸ் வரித்துறையில் வளர்ந்தவர் இல்லை, ஸ்காட்லாந்து அரசின் தலைமை அதிகாரியாக இருந்தவர், அதற்கு முன்னால் வேலைவாய்ப்பு மையங்களைப் பார்த்துக்கொண்டவர், ஆக கவுன்ட்டரில் நிற்கும் ஜனத்தைக் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். சொந்தத் தொழிலிலும் வாடகையிலும் சேர்த்து 50,000 பவுண்டுக்கு மேல் வருமானம் வருபவர்கள் 2026 ஏப்ரலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாஃப்ட்வேர் வழியாகக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பதால் சந்தேகம் கேட்டு வரும் அழைப்பும் கூடத்தான் செய்யும். அப்புறம், ஆன்லைனில் ரிட்டர்ன் போடக் கடைசி நாள் ஜனவரி 31, ஒரு நாள் தாண்டினாலும் 100 பவுண்டு அபராதம். கேள்வி இருந்தால் கோடையிலேயே கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.