நாலு ஃபேன் போல்ட், மூணு பில்: பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் போட்ட பழைய அம்பாசிடரை ஃபேன் வேலைக்காகப் பட்டறையில் விடப் போகிறீர்களா? விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். செய்த வேலையைப் பார்த்தாலே போதும்.

வண்டியை விட்டது ஒரே ஒரு காரணத்துக்காக. இரும்பு ஃபேனின் ஒரு இறக்கையில், அடிப்பக்கம் மயிரிழை விரிசல். ஃபேனை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஃபேனும் புல்லியும் சேர்ந்து வாட்டர் பம்ப் ஹப்பில், அதாவது பம்ப் ஷாஃப்ட்டின் முன்முனை வட்டில், நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். "துருப்பிடித்த போல்ட் கழற்றிய கூலி" என்று ஒரு பில் வந்தது, "புது வாட்டர் பம்ப்" என்று இன்னொரு பில். இரண்டு வாரத்தில் சிக்னலில் நின்றாலே வண்டி சூடேற ஆரம்பித்தது. திருப்பிக் கொண்டுபோனால் "ரேடியேட்டர் அடைப்பு" என்று மூன்றாவது பில். அப்புறமும் சூடு குறையவில்லை.

வேறு இடத்தில் பிரித்தபோது வெளியே வந்தது இது. நான்கு போல்ட்டில் மூன்றின் தலையில் 8.8 என்று அடித்திருந்தது. அப்படியென்றால் மில்லிமீட்டர் போல்ட், எம்6. நான்காவதில் போல்ட்டே இல்லை. ஹப்புக்குள் முறிந்து நின்ற பழைய துண்டின் மேல் வெறும் தலையை எபாக்ஸி பசையால் ஒட்டி, கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வந்தது. இதிலேயே "புது" பம்பின் கதையும் முடிந்துவிடுகிறது. புதுப் பம்பின் ஹப்பில் பழைய போல்ட் எப்படி முறிந்து கிடக்கும்? அதே பழைய பம்பைத் துடைத்து, சில்வர் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். பம்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காய்ந்த வெள்ளைத் தடம் பெயின்ட்டுக்கு அடியிலேயே தெரிந்தது.

சூட்டுக்குக் காரணம் ரேடியேட்டரே இல்லை. ஃபேனை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். இதைப் பலரும் கோட்டை விடுவதற்குக் காரணம் உண்டு. திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் இழுவை பாதியாய்ப் போய்விடும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று காப்பாற்றிவிடும், நின்றால்தான் முள் ஏறும். இறக்கையின் குழிவான பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து நீங்களே பார்க்கலாம், ஒரு நிமிஷ வேலை.

எம்6 போல்ட் விஷயம் இதைவிட ஆபத்து. இந்த எஞ்சின் பிரிட்டிஷ் வம்சம், மரை எல்லாம் அங்குலக் கணக்கு. இந்த வண்டியின் ஹப்பில் இருந்தது 1/4 அங்குல யுஎன்எஃப் என்ற நுண்மரை, அதாவது அங்குலத்துக்கு 28 மரை. விட்டம் 6.35 மி.மீ., மரை இடைவெளி 0.9 மி.மீ. எம்6 போல்ட்டின் விட்டம் 6 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. கையால் திருகினால் லொடலொடவென்று உள்ளே போகும், இறுக்கினால் மரையின் நுனியை மட்டும் கவ்வும். அதிர்வில் தளர்ந்து ஃபேன் கழன்றால் நேரே ரேடியேட்டருக்குள்தான் போகும். கண்டுபிடிக்க ஸ்பானர் போதும்: எம்6 தலைக்கு 10 மி.மீ. ஸ்பானர் சரியாக உட்காரும்; 1/4 யுஎன்எஃப் தலைக்கு 7/16 அங்குல ஸ்பானர் வேண்டும். ஆனால் கடைசிக் காலத்து இசுஸு எஞ்சின் அம்பாசிடர்களில் மில்லிமீட்டர் மரைதான், அங்கே 8.8 பார்த்துப் பதற வேண்டாம்.

இனி, போல்ட் முறிந்தது ஏன்? பிடித்துக்கொண்ட போல்ட்டைப் பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானரால் ஒரே மூச்சில் இழுத்தால் முதலில் தலை மழுங்கும். அப்புறம் கிரிப் பிளையர், அதுவும் வழுக்கினால் கேஸ் டார்ச். அந்த இடத்தில் டார்ச் காட்டவே கூடாது. ஹப் ஷாஃப்ட்டில் அழுத்தி ஏற்றியது, சூட்டில் விரிந்தால் பிடி தளரும். பின்னாலேயே பேரிங் கிரீஸும் வாட்டர் சீலும் இருக்கின்றன. பம்ப் ஒழுக ஆரம்பித்ததே அந்த டார்ச்சினால்தான் என்பது என் கணிப்பு.

சரியான முறைக்கு அவசரம் ஆகாது. முதல் நாள் மாலையே போல்ட் தலையைச் சுற்றியும், ஹப்பின் பின்பக்கம் மரை நுனி தெரிந்தால் அங்கேயும், கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்துவிட்டு, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விட வேண்டும். மறுநாள் காலையில் இன்னொரு முறை. ரேடியேட்டரை இறக்கிவிடுவது உத்தமம். முடியாதென்றால் முன்னால் ஒரு பிளைவுட் துண்டாவது சொருகணும், ஸ்பானர் ஒரு தடவை வழுக்கினால் ரேடியேட்டர் போச்சு. பெல்ட்டை முதலில் கழற்றக் கூடாது. அது இறுக்கமாக இருந்தால்தான் புல்லி சுற்றாமல் நிற்கும். பத்தாவிட்டால் இரண்டு போல்ட் தலைகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரை அண்டக் கொடுக்கலாம். இறக்கையைப் பிடித்து நிறுத்துவது மகா தப்பு. வளைந்த இறக்கை பேரிங்கைத் தின்றுவிடும்.

சாக்கெட் ஆறு முனை, 7/16, வேறு எதுவும் வேண்டாம். பித்தளைப் பஞ்ச் வைத்துத் தலையில் லேசாக நாலு தட்டு. ஓங்கி அடித்தால் பேரிங் குண்டுகள் பாதையில் குழி போட்டுவிடும். பிறகு இறுக்கும் பக்கம் ஒரு துளி, கழற்றும் பக்கம் ஒரு துளி என்று மாற்றி மாற்றி. கீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்தி, ஸ்ப்ரே அடித்து, திரும்பவும். எல்லாம் வலக்கை மரைதான், கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பினால் கழலும்.

அப்படியும் முறிந்தால் பம்பை இறக்கி லேத்தில் கொடுங்கள். சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன டிரில்லில் தொடங்கி 5.5 மி.மீ. வரை போய், 1/4 யுஎன்எஃப் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டால் பழைய மரையே திரும்பக் கிடைக்கும். மாட்டும்போது நான்கும் புது போல்ட், ஸ்பிரிங் வாஷர், மரையில் துளி ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை). 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும். சின்ன ஸ்பானரைக் கையால் இறுக்குகிற இறுக்கம்தான் அது, பைப் சொருகி இழுக்கக் கூடாது.

வண்டியை விடும்போதே இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள்: கழற்றிய சாமான் அத்தனையும் திரும்ப வேண்டும், பம்ப் மாற்றுவதென்றால் போன் செய்து கேட்டுவிட்டுத்தான். இந்த வண்டியின் பழைய பம்பைக் கேட்டபோது "பழைய இரும்புக்குப் போட்டாச்சு சார்" என்றார்கள். பம்ப் எஞ்சினிலேயே இருந்தது. பில்லும் போட்டோவும் கையில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஒட்டுப்போட்ட அந்த போல்ட் தலையை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.