கைக்குழந்தையின் வயிற்றோட்டத்துக்கு நீரேற்றுக் கரைசற்பொடி: பயன்படுத்திய அனுபவம்

எங்கள் ஒன்பது மாதப் பேத்திக்கு வயிற்றோட்டம் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு பாமசியில் வாங்கிய கரைசற்பொடியை நான்கு நாட்கள் கொடுத்தோம். இவ்வகைப் பொதிகள் எல்லாவற்றையும் ஜீவனி என்று கேட்பதே எங்கள் ஊர் வழக்கமாயினும், எங்களுக்குக் கிடைத்தது வேறொரு தயாரிப்பு.

இப்பொடி எந்தக் கிருமியையும் கொல்லாது. கைக்குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு வைரசுகளே பெரும்பாலும் காரணமாக இருந்தாலும், ஈ. கோலியின் நோயுண்டாக்கும் வகைகள், சிகெல்லா, கம்பைலோபக்டர், சல்மொனெல்லா ஆகிய பக்டீரியாக்களும் அதனை ஏற்படுத்துகின்றன. ஈ. கோலியின் ஒரு வகை சுரக்கும் நச்சு, குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே தள்ளச் செய்கிறது. ஆனால் குளுக்கோசுடன் சேர்ந்து வரும் சோடியத்தை உள்ளிழுக்கும் வழியை அது அடைத்துவிடுவதில்லை. அந்த வழியாகவே இக்கரைசல் உடலுக்குள் நீரைக் கொண்டு சேர்க்கிறது. இரண்டாம் நாளும் கழிச்சல் குறையவில்லை என்று மகள் கலங்கினாள். ஆயினும் குழந்தையின் வாய் ஈரமாக இருந்தது, சிறுநீரும் வழமைபோல் போனது. இப்பொடியின் பயனை அதைக் கொண்டே அளக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2002 இல் திருத்திய கலவையே பொதியில் குறிக்கப்பட்டிருந்தது: ஒரு லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். இதில் எனக்குக் குறையில்லை.

குறை பொதியின் அளவில்தான் இருக்கிறது. முழுப் பொதியையும் ஒரு லீற்றர் நீரிற் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குப் பின் மீதியை ஊற்றிவிட வேண்டும். கழிச்சல் ஒவ்வொன்றுக்கும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியாற் பருக்கப்படும் குழந்தைக்கு அது மிகுதி என்பதால், பலர் கண்மதிப்பாகப் பாதிப் பொடியை ஒரு தம்ளரில் கரைத்துவிடுகிறார்கள். கரைசல் செறிந்துவிட்டால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். 200 மில்லிலீற்றருக்கான சிறு பொதிகளையும் எல்லாப் பாமசிகளிலும் வைத்தால் எத்தனையோ தாய்மாருக்கு உதவியாக இருக்கும்.

கொதித்தாறிய நீர் என்பதையும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழியின் கசிவு கிணற்றை எளிதில் அடைந்துவிடுவதால், தெளிவாகத் தெரியும் தண்ணீரை நம்பிக் கரைப்பது நோயையே மீண்டும் பருக்குவதாகிவிடும்.

தாய்ப்பாலை நிறுத்தாமல், மருத்துவர் எழுதிக்கொடுத்த 20 மில்லிகிராம் நாகத்தையும் (zinc) நாள்தோறும் கொடுத்தோம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ பொடியோடு காத்திராமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லும்படி அவர் சொல்லியிருந்தார். நல்லகாலம், அந்த நிலை வரவில்லை. இப்போது எங்கள் அடுப்படித் தட்டில் இரண்டு பொதிகளும், அவற்றின் அருகே ஒரு லீற்றர் கோடிட்ட போத்தல் ஒன்றும் இருக்கின்றன.