ரியாக்ட் ஹுக் ஃபார்ம் 7: வேலிடேஷன் கெட்டி, டிராஃப்ட் உங்கள் பாடு

இணையப் பக்கங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டில் படிவம் கட்டுகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்கும் லைப்ரரிகளில் ஒன்று ரியாக்ட் ஹுக் ஃபார்ம். 2019-இல் வந்தது. இங்கே பேசப்போவது 2021-இல் தொடங்கிய 7-ஆம் பதிப்பு வரிசையை. இலவசம், எம்ஐடி உரிமம், ரியாக்டைத் தவிர வேறு எதையும் கூடவே இழுத்து வராது. லாகின் பக்கம் மாதிரி இரண்டே கட்டங்களுக்கு இது தேவையில்லை. பிரவுசரின் சொந்த வேலிடேஷனே (நிரப்பியது சரியா என்ற சோதனை) போதும். நான்கு படிகள், நாற்பது கட்டங்கள், நடுவில் கரண்ட் போனாலும் எழுதியது அழியக்கூடாது என்கிற உதவித்தொகை விண்ணப்பம் போன்ற ஒன்றில்தான் இதன் பலமும் ஓட்டையும் தெரியும்.

பலம் வேகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் ரியாக்ட் ஸ்டேட்டில் வைக்காமல், ரெஃப் (இன்புட்டை நேரடியாகத் தொடும் பிடி) வழியாக இன்புட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஓர் எழுத்து தட்டினால் நாற்பது கட்டங்களும் ரீரெண்டர் ஆவதில்லை, அதாவது மறுபடி வரையப்படுவதில்லை. ஆனால் படிவத்தின் உச்சியில் ஒரு வாட்ச் (மதிப்பு மாறுவதைக் கவனிக்கும் ஃபங்ஷன்) எழுதினால் இந்த லாபம் அத்தனையும் போச்சு. ஒரு கட்டத்தை மட்டும் கவனிக்க வேண்டுமானால் தனிக் காம்பொனென்ட்டில் யூஸ்வாட்ச் போடுங்கள்.

பிழையை எப்போது காட்டுவது என்பதை ‘மோட்’ தீர்மானிக்கிறது. முன்னிருப்பு ஆன்சப்மிட் (சமர்ப்பிக்கும்போது சோதிப்பது), நீளமான படிவத்துக்கு அது சரிப்படாது, கடைசியில் ஒரே நேரத்தில் பதினைந்து சிவப்பு வரிகள் வந்து விழும். ஆன்சேஞ்ச் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதிப்பது) அதைவிட மோசம்: போனில் தமிழ் தட்டச்சு செய்கிறவர் எழுத்தை முடிக்கும் முன்பே ‘பெயர் தவறு’ என்று கத்தும். ஆன்டச்ட்தான் பொருத்தம். முதல் முறை கட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகே சோதிக்கும், அதற்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதிக்கும். திருத்தியதும் சிவப்பு உடனே மறைந்துவிடும்.

விதிகளை ஸோட் என்ற சோதனை லைப்ரரியின் ஸ்கீமாவில் (விதிப் பட்டியல்) எழுதி, ரிசால்வர் என்ற இணைப்பான் வழியாக இணைப்பது நல்ல ஏற்பாடு. அதே ஸ்கீமாவை சர்வரிலும் ஓட்டலாம். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஆண்டு வருமானக் கட்டத்துக்கு எண்ணாக மாற்றிவிடும் ஸோடின் கோயர்ஸ் நம்பரைப் போட்டால், காலியாக விட்ட கட்டம் 0 ஆகிவிடும். வருமானமே இல்லாதவர் என்று விண்ணப்பம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். கட்டத்தைப் படிவத்தோடு இணைக்கும் ரிஜிஸ்டரின் வேல்யூஆஸ்நம்பர் காலிக் கட்டத்துக்கு நேன் (‘எண் அல்ல’ என்ற மதிப்பு) கொடுக்கும். அதையாவது பிழை என்று பிடிக்கலாம். பின்கோடு, மொபைல் எண் இரண்டையும் எண்ணாக மாற்றவே கூடாது, ஸ்டிரிங்காகவே வைத்து இலக்கங்களைச் சோதியுங்கள்.

இரண்டாவது, தமிழ்ப் பெயர். ரெகெக்ஸில் (எழுத்து அமைப்பைச் சோதிக்கும் சூத்திரம்) யூனிகோட் எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் ‘முத்துலட்சுமி’ தேறமாட்டார். உகரக் குறி, இகரக் குறி, புள்ளி எல்லாம் ‘மார்க்’ என்ற வேறு வகையில் இருக்கின்றன, அதையும் சேர்க்க வேண்டும். இனிஷியலுக்காக முற்றுப்புள்ளியும் இடைவெளியும் வேண்டும். நீள வரம்பிலும் இதே தகராறு: கண்ணுக்கு ஏழு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 13 என்கிறது. எழுத்துக் கணக்குத் துல்லியமாக வேண்டுமென்றால் இன்ட்ல் செக்மென்டர். இது லைப்ரரியின் குற்றமில்லை, ஆனால் தமிழ்ப் படிவம் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

பல படிகள் உள்ள படிவத்தில், திரையிலிருந்து நீங்கிய கட்டத்தின் மதிப்பை இது தூக்கி எறிவதில்லை. ஷுட்அன்ரிஜிஸ்டரை ஃபால்ஸாகவே விட்டுவிடுங்கள். ஆனால் ரிஜிஸ்டரில் நேரடியாக எழுதிய விதிகள் திரையில் இல்லாத கட்டத்துக்கு ஓடாது. ‘அடுத்து’ பொத்தானில் அந்தப் படியின் கட்டப் பெயர்களை மட்டும் கொடுத்து, சோதனையை ஓட்டும் ட்ரிக்கரை அழையுங்கள், அது ட்ரூ என்று திரும்பினால்தான் அடுத்த படிக்கு விடுங்கள். பூட்ட வேண்டிய கட்டத்தை ரிஜிஸ்டர் வழியாக டிசேபிள்ட் ஆக்கினால் மதிப்பு அன்டிஃபைன்ட் ஆகிவிடும், ரீட்ஒன்லி போதும்.

இனி டிராஃப்ட் சேமிப்பு, அதாவது பாதியில் நிற்கும் படிவத்தை வைத்துக்கொள்வது. இங்கே லைப்ரரி கையை விரித்துவிடுகிறது. பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜில் எழுதுவதும் எடுப்பதும் முழுக்க நம் வேலை. மாற்றம் நின்று அரை வினாடி கழித்து எழுதும் டைமர் போதுமானது. கூடவே பக்கம் மறையும்போது விசிபிலிட்டிசேஞ்சிலும் ஒருமுறை எழுதிவிடுங்கள், மொபைலில் பிஃபோர்அன்லோடை நம்ப முடியாது. சேமிக்கும் சாவியின் (கீ) பெயரில் ஸ்கீமாவின் பதிப்பு எண்ணைச் சேர்க்காவிட்டால், கட்டத்தின் பெயரை மாற்றிய பிறகு பழைய டிராஃப்ட் வந்து புதுப் படிவத்தைக் குழப்பும். கடவுச்சொல், ஆதார் எண் இரண்டையும் டிராஃப்டில் வைக்கக்கூடாது; கணினி மையத்தில் ஒரே பிரவுசரில் பலர் உட்காருவார்கள். ஜேசனாக மாறும்போது தேதி வெறும் ஸ்டிரிங்காகும், ஃபைல் காலிப் பொருளாகும். சான்றிதழைத் தனியே சர்வரில் ஏற்றி, கிடைக்கும் அடையாள எண்ணை மட்டும் வைக்க வேண்டும். சஃபாரியில், பயனர் அந்தத் தளத்தைத் தொடாமல் ஏழு நாள் பிரவுசரைப் பயன்படுத்தினால் இந்தச் சேமிப்பு அழிக்கப்படும்.

டிராஃப்டைத் திரும்ப எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சர்வரில் ரெண்டர் ஆகும் பக்கத்தில் டிஃபால்ட்வேல்யூஸுக்குள் (முன்னிருப்பு மதிப்புகள்) லோக்கல்ஸ்டோரேஜைத் தொட்டால் பிழையோ ஹைட்ரேஷன் முரணோ (சர்வர் அனுப்பியதும் பிரவுசர் வரைவதும் பொருந்தாமை) வரும். யூஸ்எஃபெக்டில் படித்து ரீசெட்டுக்குக் கொடுங்கள், கூடவே கீப்டிஃபால்ட்வேல்யூஸ் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். இல்லையென்றால் டிராஃப்டே புது முன்னிருப்பாகி, சமர்ப்பிக்காத படிவத்தை ‘மாற்றமில்லை’ என்று இஸ்டர்ட்டி சொல்லும். இஸ்டர்ட்டியை ரெண்டரில் படித்தால்தான் அது புதுப்பிக்கப்படும் என்பதும் நினைவிருக்கட்டும். அதைத் தாங்கும் ஃபார்ம்ஸ்டேட் ஒரு ப்ராக்ஸி, நாம் படிக்கும் பண்பை மட்டுமே கவனிக்கும்.

டிராஃப்டை அழிக்கும் இடம்தான் மிக ஆபத்தானது. இஸ்சப்மிட்சக்ஸஸ்ஃபுல் (சமர்ப்பிப்பு வென்றதா என்ற குறி) ட்ரூ ஆனதும் அழிப்பதுதான் எல்லோரும் எழுதும் கோடு. சர்வர் 500 (சர்வர் பிழை) அனுப்பினாலும், சர்வரை அழைக்கும் ஃபெட்ச் எர்ரர் வீசாது. ஹேண்ட்லர் அமைதியாக முடிந்ததால் லைப்ரரியும் வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். விண்ணப்பமும் சேராது, டிராஃப்டும் இருக்காது. பதிலின் ஓகே ஃபால்ஸ் என்றால் செட்எர்ரரில் ‘ரூட்’ என்ற பெயரில் பிழையைப் பதிந்து டிராஃப்டை விட்டுவையுங்கள். ட்ரூ என்றால் முதலில் டைமரை ரத்து செய்துவிட்டு அப்புறம் அழியுங்கள். வரிசை மாறினால் அழித்த டிராஃப்டை டைமர் அரை வினாடியில் மறுபடி எழுதிவைக்கும்.